இறாலுக்கு இரட்டைக் கூரை, உழைப்பவனுக்கு ஒற்றைத் தகரமா?

தொழிலாளத் தோழர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குகிறோம். பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பும் இறாலுக்கும், நாள் முழுதும் உழைத்து வீடு திரும்பும் மனிதனுக்கும், வெயிலிலிருந்து அதிகப் பாதுகாப்பு யாருக்குத் தேவை? “மனிதனுக்குத்தான்; இதையும் கேட்க வேண்டுமா?” என்பீர்கள். நியாயம் அப்படித்தான் சொல்லும். ஆனால் கண் காண்பது வேறாக இருக்கிறது.

பட்டர்வொர்த் நகரை ஒட்டிய மாக் மண்டின் பக்கமும், அதற்கப்பால் பிறை, பத்து காவான் வரையிலும், ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்து பாருங்கள். மீனையும் இறைச்சியையும் வைத்துக் காக்கும் குளிர்க்கிடங்குகளின் கூரையும் சுவரும் கனத்த பலகைகளால் ஆனவை. இரண்டு உருக்குத் தகடுகள்; நடுவே நுரை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பனி உறைந்தபடி இருக்கும். நுட்பமான மின்கருவி செய்யும் ஆலைகளுக்கும் இதே கூரைதான். அதே பேட்டையில் வேலை செய்து, மாலையில் தன் இருப்பிடம் போகும் தொழிலாளியின் தலைக்குமேல் என்ன இருக்கிறது? பல இடங்களில் ஒரே ஒரு தகரம். காகிதக் கட்டின் தடிப்புக்கூட இல்லாத ஒற்றைத் தகரம்!

இதை வயிற்றெரிச்சலால் எழுதவில்லை. இறால் கெட்டுப் போக வேண்டும் என்று நாம் சொல்லவுமில்லை. சரக்கைக் காக்கத் தெரிந்த அறிவு, சரக்கைச் செய்கிறவனைக் காக்கவும் பயன்பட வேண்டும் என்பதே நம் வாதம். அந்த அறிவைப் பயன்படுத்துகிறபோது, அதற்குள் ஒளிந்திருக்கும் நெருப்பையும் மறந்துவிடக் கூடாது என்பது நம் எச்சரிக்கை. இரண்டையும் ஒருங்கே சொல்லவே இக்கட்டுரை.

அத்தாப்பும் தகரமும்

மாக் மண்டின் நமக்கு அந்நியமான ஊரன்று. பினாங்கு மாநிலத்தின் தொடக்க காலத் தொழிற்பேட்டைகளுள் ஒன்றாக அது 1960களில் வளர்ந்தது. தோட்டத் துண்டாடலால் வேலை இழந்தவர்களும், பால்மரம் வெட்டிய தாய் தந்தையரின் பிள்ளைகளும் பேட்டைகளை நாடி வந்தார்கள். அங்கே தமிழ்ப்பள்ளி உண்டு. நம் மக்களின் குடும்பங்கள் உண்டு. பத்து காவானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மண், இன்று தொழிற்பேட்டையும் புதுநகரமுமாக மாறியிருக்கிறது. 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலமும் அங்கே வந்து இறங்கியது. தோட்டம் போனது, ஆலை வந்தது. கூரை மட்டும் எவ்வளவு மாறியது?

பழைய லயன் வீடுகளுக்கு முதலில் அத்தாப்பு வேய்ந்தார்கள். அத்தாப்பு குளிர்ச்சியானது, மழையின் ஓசையும் அதில் அடங்கிவிடும். ஆனால் சில ஆண்டுகளில் மக்கிவிடும், ஒழுகும், ஒரு பொறி விழுந்தால் வரிசை முழுவதும் எரிந்துவிடும். ஆகவே தகரம் வந்தது. தகரம் மழையைத் தடுத்தது, நீடித்து உழைத்தது, விலையும் மலிவு. நிர்வாகத்துக்கு அது வசதியாகப் போயிற்று. ஆனால் அத்தாப்பு தந்த நிழலைத் தகரம் தரவில்லை. வெயிலைத் தடுப்பதற்குப் பதிலாக வாங்கி உள்ளே இறக்கியது.

நண்பகல் வெயிலில் மூடாத தகரம் 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பம் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் கண்ட 40.1 டிகிரி. நாடே வியந்து பேசிய அந்தச் சூட்டைக் காட்டிலும் அதிகமான சூடு, சாதாரண நாளிலேயே நம் கூரைத் தகரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தகரம், அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லைப் போல, கீழே இருப்பவர்மீது அனலை வீசுகிறது. காற்றாடி போட்டால் தீராதா என்று கேட்பார்கள். காற்றாடி காற்றைக் குளிரச் செய்வதில்லை. இருக்கிற காற்றைச் சுழற்றுகிறது. அனற்காற்றைச் சுழற்றினால் மேலே படுவதும் அனற்காற்றே.

இரவு வேலை முடித்துப் பகலில் உறங்க வேண்டிய தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். ஆலையில் மூன்று முறை மாற்றி வேலை. விடியற்காலையில் வந்து படுத்தால் பத்து மணிக்கெல்லாம் அறை வெந்துவிடுகிறது. உறக்கமில்லாமல் மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கிறான். கை தவறினால் விரல் போகிறது. அதற்குத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று பெயர் சூட்டுகிறார்கள். கூரையின் குறை என்று யாரும் எழுதுவதில்லை!

நுரையும் நாமும்

இனி, அந்த நுரைப் பலகை என்னவென்று பார்ப்போம். ஆலைக்காரர்கள் இதனைச் சாண்ட்விச் பேனல் என்பார்கள். ரொட்டித் துண்டுகள் இரண்டின் நடுவே கறியை வைப்பதுபோல், தகடுகள் இரண்டின் நடுவே நுரையை வைத்து ஒட்டிய பலகை என்பதால் அந்தப் பெயர்.

நுரை நமக்குப் புதிதன்று. ரப்பர் பாலை அடித்து நுரைக்க வைத்து, அச்சில் ஊற்றி வேக வைத்தால் மெத்தை ஆகிறது. 1929ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இந்த முறையைக் கண்டார்கள். பால்மரத்தின் கண்ணீர் சீமாட்டிகளின் மெத்தையானது. பிறகு 1937இல் ஜெர்மனி நாட்டு வேதியியலார் ஓட்டோ பாயரும் அவருடைய துணைவர்களும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்த மென்மையான நுரை, மெத்தையிலும் நாற்காலியிலும் நம் ரப்பர் நுரையைப் பெரும்பாலும் தள்ளிவிட்டு அமர்ந்தது. அதன் இன்னொரு பிள்ளைதான் கெட்டி நுரை. கூரைப் பலகைக்குள் இருப்பது அது. நம் பாலுக்குப் போட்டியாக வந்த நுரையின் உடன்பிறப்பு, இன்று நம் தலையை வெயிலிலிருந்து காக்கக் கூடியதாக நிற்கிறது. காலத்தின் விளையாட்டு இது!

அது எப்படிக் காக்கிறது? உருக்கு வெப்பத்தை ஓட விடும். காற்றோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் அது அலைந்து திரிந்து சூட்டைச் சுமந்துகொண்டு போய்விடும். அந்தக் காற்றையோ வேறொரு வாயுவையோ கோடிக்கணக்கான சிறு அறைகளில் அடைத்துப் பூட்டிவிட்டால் அது அலையவும் முடியாது, சூட்டைச் சுமக்கவும் முடியாது. கெட்டி நுரை செய்வது அந்த வேலையைத்தான். மேல் தகடு கொதிக்கும். கீழ்த் தகடு ஏறத்தாழ அறையின் சூட்டிலேயே இருக்கும்.

கணக்காகச் சொன்னால், 50 மில்லிமீட்டர் தடித்த பாலியூரித்தேன் பலகை வழியே இறங்கும் வெப்பம், ஒற்றைத் தகரத்தின் வழியே இறங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மீன் பெட்டி செய்யும் வெள்ளை நுரையான பாலிஸ்டைரினிலும், பாறையை உருக்கி நூலாக இழுத்த பாறைப் பஞ்சிலும் இதே பலனைப் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். மெலிந்த பலகையைக் காட்டி, “இதுவும் நுரைதானே?” என்று தலையில் கட்டப் பார்ப்பவர்களுக்கு இதுவே விடை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். நுரைப் பலகை குளிரை உண்டாக்குவதில்லை. சூடு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது, குறைக்கிறது. சன்னலில்லாத அறையில் பத்துப் பேரை அடைத்துவிட்டுக் கூரையில் நுரை வைத்தோம் என்று மார்தட்டினால், அந்த அறை பத்துப் பேரின் உடற்சூட்டாலேயே வெந்துபோகும். எதிரெதிரே சன்னலும், சூடான காற்று வெளியேற மேலே வழியும் வேண்டும். கூரையும் காற்றும் சேர்ந்தால்தான் வீடு.

மழைக்குப் பதில் சொல்ல வேண்டியது இணைப்பு

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. 2017 நவம்பர் 4ஆம் நாள் இரவும் மறுநாளும் புயற்காற்றோடு பெய்த பேய்மழையைத் தீவிலும் பெருநிலத்திலும் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மரங்கள் சாய்ந்தன, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, உயிர்களும் போயின. அத்தகைய வானத்தின் கீழ் வாழ்கிற நமக்கு, வெயில் தாங்கும் கூரை மட்டும் போதாது; மழையும் காற்றும் தாங்க வேண்டும்.

பலகையின் நடுவில் ஒருபோதும் ஒழுகாது. ஒழுகுவதெல்லாம் இணைப்பில். ஒரு பலகையின் மேடான வரி அடுத்த பலகையின் மேட்டைத் தொப்பிபோல மூட வேண்டும். திருகாணியை மேட்டின் உச்சியில் அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்தால் ஓட்டை நாமே போட்டதாகிவிடும். திருகாணித் தலையின் கீழுள்ள ரப்பர் வளையத்தை மெல்ல அழுந்தும்படி இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் வளையம் பிதுங்கிக் கிழியும். குறைவாக இறுக்கினால் நீர் கசியும். பெரும் ஆலையின் கூரையானாலும் காசளவு ரப்பர் வளையத்தின் தயவில்தான் நனையாமல் நிற்கிறது. ரப்பரின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

வெட்டிய ஓரங்களில் நுரை வெளியே தெரியும்படி விடக் கூடாது. அதில் ஈரம் ஏறும், எலி வளை தோண்டும், தகடு துருவேறிப் பிரியும். முகட்டிலும் சுவரோரத்திலும் தகட்டு மூடி சரியாக உட்கார வேண்டும். இன்னுமொன்று, பலகை எடை குறைந்தது. 50 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10, 12 கிலோதான் வரும். எடை குறைந்ததைக் காற்று எளிதில் தூக்கும். ஆகவே கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் திருகாணிகள் நெருங்கி இருக்க வேண்டும். நல்ல பலகையை வாங்கிக் கெட்ட கையில் கொடுத்தால் இரண்டாவது மழைக்காலத்தில் வாளி வைத்து நீர் பிடிக்க வேண்டியதுதான்.

இணைப்பு செம்மையாக அமைந்தால் மழை இரவிலும் ஒரு நன்மை உண்டு. ஒற்றைத் தகரத்தின் கீழ் அடைமழை நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பிள்ளைகள் பாடம் படிக்க இயலாது. நுரைப் பலகையின் கீழ் அந்தப் பேரிரைச்சல் தணிகிறது. பாறைப் பஞ்சுப் பலகையில் இன்னும் நன்றாகத் தணிகிறது. படிக்கிற பிள்ளைக்கு அது சிறிய உதவியன்று.

நுரைக்குள் ஒளிந்திருக்கும் நெருப்பு

இதுவரை நன்மையைச் சொன்னோம். இனிச் சொல்வதைக் கூர்ந்து படியுங்கள்.

வெள்ளைப் பாலிஸ்டைரின் நுரை ஏறத்தாழ 100 டிகிரியிலேயே இளகிச் சுருங்கும். தீப்பட்டால் உருகி எரிந்து சொட்டும். பாலியூரித்தேன் எரிந்தால் வரும் கரும்புகையில் கரியமில நச்சோடு சயனைடு நச்சும் கலந்திருக்கும். தீ தகடுகளுக்கு நடுவே புகுந்து, வெளியே தெரியாமல் நெடுந்தூரம் ஓடும். நுரை போனபின் தகடு பிடிப்பற்றுப் பெயர்ந்து தலைமேல் விழும். வெளியே நின்று தண்ணீர் பீய்ச்சினாலும் தகடு மறைப்பதால் நீர் நெருப்பைச் சென்று சேராது. 1993 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரில் இத்தகைய பலகைகளால் ஆன கோழி இறைச்சி ஆலையொன்று எரிந்தபோது, உள்ளே சென்ற தீயணைப்பு வீரர்கள் இருவர் திரும்பி வரவில்லை.

தென்கொரியாவின் இச்சோன் நகரம் தந்த பாடம் இன்னும் கொடியது. 2008 ஜனவரி 7ஆம் நாள் அங்கே புதிதாகக் கட்டிய குளிர்க்கிடங்கில் தீப்பற்றி 40 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடிச் சீனாவிலிருந்து வந்த கொரிய வம்சத்தவர். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2020 ஏப்ரல் 29ஆம் நாள் அதே இச்சோனில், கட்டிக்கொண்டிருந்த கிடங்கொன்றில் மீண்டும் தீ. 38 பேர் மாண்டார்கள். பற்றவைப்பு வேலையில் தெறித்த பொறி, பாலியூரித்தேன் நுரையில் விழுந்ததே காரணமெனக் கண்டார்கள். ஒரே நகரம், ஒரே நுரை, ஒரே வகைக் கட்டடம். முதல் முறை 40 உயிர் கொடுத்துப் படித்த பாடத்தை இரண்டாம் முறை மறந்துவிட்டார்கள்.

2017 ஜூனில் லண்டன் மாநகரின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்கள் போனதையும் உலகம் அறியும். அங்கே எரிந்தது கூரையன்று, சுவருக்குப் போர்த்திய பலகை. வெளியே அலுமினியம், உள்ளே எரியும் பிளாஸ்டிக். அதன் பின்னே நுரை. அந்தக் கோபுரத்தில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் செல்வர்கள் அல்லர். மலிவுப் பலகை யாருடைய வீட்டைத் தேடி வரும் என்பதை அந்தத் தீ உலகுக்குக் காட்டிவிட்டது.

ஏன் இத்தனையும் நமக்கு? இன்று கட்டுமானத் தலங்களிலும் ஆலை ஓரங்களிலும் தொழிலாளரைத் தங்கவைக்கும் பெட்டி வீடுகள் பல, நுரைப் பலகையால் ஆனவை. அவற்றுள் மலிவான வகைக்குப் பாலிஸ்டைரினே நடுப்பொருள். அதற்குள் அடுக்குக் கட்டில், ஒரே மின்கம்பியில் பல சொருகிகள், மூலையில் சோறு பொங்கும் அடுப்பு, ஒரே கதவு. நேபாளத் தோழனும் வங்காளதேசத் தோழனும் நம் பிள்ளைகளும் அங்கே படுத்துறங்குகிறார்கள். வெயிலுக்கு நல்லதென்று சொல்லி நெருப்புக் கூண்டில் மனிதரை அடைப்பதைச் சங்கம் ஏற்க முடியாது.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி, “பலகைக்குள் என்ன இருக்கிறது?” என்பதே. வெளித்தகட்டின் வண்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பாறைப் பஞ்சு எரியாது. ஆயிரம் டிகிரியைத் தாங்கும். பி.ஐ.ஆர். என்னும் திருந்திய நுரை, சாதாரணப் பாலியூரித்தேனைவிடத் தீயைத் தாங்கும். மேலே கரி படிந்து எரிவதை மட்டுப்படுத்தும். ஆனால் எரியவே எரியாது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். மனிதர் உறங்கும் இடத்தின் கூரைக்குப் பாறைப் பஞ்சே முதல் தேர்வு என்பது நம் முடிவு. இறாலுக்கு எந்த நுரையானாலும் சரி. இரவில் எழுந்து ஓட வேண்டியவன் மனிதன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக 446ஆம் சட்டம் வந்தது. பெரும்பாலும் தோட்டங்களையும் சுரங்கங்களையும் நோக்கி எழுதிய அச்சட்டம், 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் தொழில்களில் முதலாளி அளிக்கும் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் பெறாமல் முதலாளி எவரையும் தங்கவைக்கக் கூடாது. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். கொள்ளை நோய் பரவிய 2020இல், நெருக்கியடித்த விடுதிகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் இச்சட்டத்தின் அருமை பலருக்குப் புரிந்தது.

வேறொரு விதியும் உண்டு. 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணை விதிகளில் 2012இல் சேர்த்த 38ஏ என்னும் விதி, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு கட்டுகிறது. எடை குறைந்த கூரைக்கு அந்த அளவு 0.4. மேலே நாம் கணக்கிட்ட 50 மில்லிமீட்டர் பாலியூரித்தேனும், 90 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாறைப் பஞ்சும் ஏறத்தாழ அந்த அளவைத் தொடுகின்றன. ஒற்றைத் தகரமோ 6ஐ ஒட்டி நிற்கும். அதாவது, புதுக் கட்டடத்துக்கு எது தகுதியான கூரை என்று விதியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய லயத்திலும் பழைய விடுதியிலும் இருப்பவனின் தலை மட்டும் விதிக்கு வெளியே இருக்கிறது. வெயிலுக்குப் பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற பேதம் தெரியுமா?

செலவு என்னும் சாக்கு

“செலவு தாங்காது” என்பார்கள் முதலாளிமார். ஒற்றைத் தகரத்தைவிட நுரைப் பலகை விலை கூடியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இறாலுக்குச் செலவிட்டபோது கணக்கு எப்படித் தாங்கியது? இறால் கெட்டால் நட்டம் முதலாளிக்கு. மனிதன் கெட்டால் நட்டம் குடும்பத்துக்கு. இதுதான் இரு கூரைகளின் இரகசியம்.

எல்லாக் கூரையையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. படிப்படியாகச் செய்ய வழி உண்டு. தகரத்தின்மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது மிக மலிவான முதற்படி. இந்தியாவில் அகமதாபாத் நகரம், 2010இல் வந்த கொடும் வெப்பத்துக்குப் பின், 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் வகுத்தது. ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதும் பிற்பாடு அதில் சேர்ந்தது. ஏழை நாடு செய்யக்கூடியதை நம் நாட்டு நிறுவனங்கள் செய்ய முடியாதா? இரண்டாம் படி, தகரத்தின் கீழே பளபளப்புத் தாளும் பாறைப் பஞ்சும் வைத்து மச்சு அடிப்பது. மூன்றாம் படி, கூரை மாற்றும் காலம் வரும்போது மீண்டும் ஒற்றைத் தகரத்தைப் போடாமல் தகுந்த பலகையைப் போடுவது. தகரம் துருவேறினால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிற வேளையில் சரியாக மாற்றுங்கள் என்றே கேட்கிறோம்.

பலகை செய்பவனும் பலகை வேய்பவனும்

நம் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசிவிட்டு, அதைச் செய்யும் கைகளை மறந்தால் நாம் சங்கத்தாரல்லர். பாலியூரித்தேன் நுரையை உண்டாக்கும் இரு திரவங்களுள் ஒன்று ஐசோசயனேட் இனத்தைச் சேர்ந்தது. அதன் ஆவியை மூச்சில் இழுப்பவருக்கு ஈளை நோய் வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு எதிர்ப்புக் கொண்டுவிட்டால் பிறகு அணுவளவும் தாங்காது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும், தகுந்த முகமூடியும், ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனையும் அவர்களுக்கு உரிமை. துணியால் மூக்கைக் கட்டிக்கொள் என்று சொல்வது பாதுகாப்பாகாது.

கூரையேறுகிறவனுக்கு விழுவதே பெரிய ஆபத்து. பழைய கல்நார்த் தகடும், வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் தகடும் கால் வைத்ததும் உடையும். கல்நாரை உடைத்தால் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும். 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கண்முன் ஆபத்து நிற்கும்போது வேலையை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தந்திருக்கிறது. இடுப்புக் கயிறும் கீழே வலையும் இல்லாமல் ஏறச் சொன்னால், “ஏறமாட்டேன்” என்று சொல்லச் சட்டமே துணை நிற்கிறது. துணிந்து சொல்லுங்கள், சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

நாம் கேட்பது

வரும் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் கூரையும் ஒரு விஷயமாக இடம்பெற வேண்டும். கூரை என்பது கூலியின் ஒரு பகுதியே. உறக்கத்தைத் திருடும் கூரை, மறுநாளைய உழைப்பையும் திருடுகிறது. ஆகவே நாம் கேட்பவை இவை:

1. மனிதர் தங்கும் எந்த இடத்திலும் இனி வெறும் ஒற்றைத் தகரக் கூரை புதிதாகப் போடக் கூடாது.

2. பழைய கூரைகளுக்கு முதலில் வெள்ளைப் பூச்சும் மச்சும் வேண்டும். மாற்றுகிறபோது புதுக் கட்டடத்துக்குரிய வெப்ப அளவே பழைய வீட்டுக்கும் அளவாக வேண்டும்.

3. தங்குமிடங்களில் பாலிஸ்டைரின் பலகையை அறவே விலக்கி, எரியாத பாறைப் பஞ்சுப் பலகையைப் போட வேண்டும். பலகைக்குள் இருப்பது என்னவென்று எழுத்து மூலம் தொழிலாளர் பிரதிநிதிக்குக் காட்ட வேண்டும்.

4. நுரைப் பலகையால் கட்டிய விடுதிகளில் இரு வாசல், புகை அறிவிப்பு மணி, தனிச் சமையலறை இருக்க வேண்டும். பொம்பா இலாகாவினர் வந்து பார்க்க வேண்டும். பலகை அருகே பற்றவைப்பு வேலை நடந்தால் காவலுக்கு ஆளும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

5. பலகை செய்பவருக்கும் கூரை வேய்பவருக்கும் உரிய பாதுகாப்புக் கருவிகளை நிர்வாகமே தன் செலவில் தர வேண்டும்.

தோழர்களே! நம் பெற்றோர் மழையில் நனைந்த பட்டையைப் பார்த்து, இன்று பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்று லயத்துக்குத் திரும்பியவர்கள். வானம் கொடுத்த இழப்பை அவர்கள் சகித்தார்கள்; வானத்தோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. ஆனால் கூரை வானம் தந்ததன்று. அதை மனிதன் தேர்ந்தெடுக்கிறான், விலை பேசுகிறான், திருகாணி அடிக்கிறான். மனிதன் முடிவு செய்ததை மனிதன் மாற்றலாம்.

இன்றிரவே உங்கள் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அது ஒற்றைத் தகரமா, பலகையா, பலகையானால் உள்ளே என்ன என்று கேளுங்கள். பதிலைக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஊரே கேட்டால் கோரிக்கை. இறாலுக்குக் கிடைத்த நிழல் உழைப்பவனுக்கும் கிடைக்கும் நாள் வரை நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்!